உலக்கை நின்ற நாள்

நமக்கெல்லாம் இப்போது வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிட்டது. மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். இந்தக் கண்களால் என்னென்ன பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பீற்றிக்கொள்ளும் வயதும் வந்துவிட்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், என்னோடு மூக்கு ஒழுகத் திரிந்தவர்களே, நீங்கள் பீற்றிக்கொள்ள எத்தனையோ இருக்கும். ஆனால் அந்தக் கிரகணத்தின் முதல் பாதியில் நீங்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள் கிடந்தீர்கள். நான் வெளியே இருந்தேன். ஆகவே இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு அடையாளம் சொல்லிவிடுகிறேன். மேலுதடு பிளந்து பிறந்தவள் நான். கைக்குழந்தையாக இருக்கும்போதே பதுளை ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். நல்ல தையல்தான். ஆனாலும் மூக்குக்குக் கீழே ஒரு கோடு நின்றுவிட்டது, பேச்சும் கொஞ்சம் மூக்கால் வரும். இன்றைக்கும் அப்படித்தான், அதனால் எனக்கு எந்த வேலையும் நின்றுபோனதில்லை. பள்ளிக்கூடத்துப் பதிவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நீங்கள் கூப்பிட்ட பெயர் வேறு. என்னைக் 'கிரகணம்' என்று கூப்பிட்டீர்கள். மறந்துவிட்டோம் என்று யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம்.

அந்தப் பெயருக்குக் காரணம் என் பெரியத்தை. அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள், கணவனும் போன பிறகு எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவிலேயே இருந்தாள். எங்கள் லயத்தில் தோட்டத்துத் துரை சொல்லுக்கு அடுத்தது அவள் சொல். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கிரகண நேரத்தில் கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. நான் பிறந்ததும் பெரியத்தை அம்மாவின் தலைமாட்டில் வந்து நின்று கேட்டாளாம்.

"கிரகணத்துல என்னாத்தடி வெட்டுன?"

"கிரகணம் எப்ப அண்ணி வந்துச்சு?"

அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியத்தை மட்டும் அசரவில்லை.

"எப்பவோ வந்துருக்கு. அதான் புள்ள ஒதட்டுலயே தெரியுதே!"

வேடிக்கையைப் பாருங்கள். கிரகணம் வந்ததால் உதடு பிளந்தது என்று சொல்லவில்லை. உதடு பிளந்திருந்ததால் கிரகணம் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் அம்மாவைக் குடைந்து குடைந்து, ஏதோ ஒரு நாள் அரிவாள்மனையில் பலாக்காய் அரிந்தேன் என்று அவள் வாயிலிருந்தே வாங்கிவிட்டார்கள். பலாக்காய் காய்க்கும் காலத்தில் மூன்று வேளையும் அதைத் தின்கிற ஊரில், அரியாமல் இருந்த பொம்பிளை யார்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்றிலிருந்து என் உதட்டைக் கிழித்தவள் என் அம்மா என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டில், பிள்ளைத்தாச்சிக்கு வளையல் போடும் இடத்தில், அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். அம்மாவும் போய் உட்காருவாள். நான் அவள் மடியில், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். அத்தனை வருடம் கழித்து. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் அதை வெளியே காட்டப் பயம். இரண்டு பொம்பிளைகளுக்கும் நடுவில் அவர் எப்போதும் இடித்த புளி போலத்தான் உட்கார்ந்திருப்பார். பெரியத்தை அம்மாவை விட்டு நகரவில்லை. இதைத் தின்னாதே, அங்கே நிற்காதே, இந்தப் பிள்ளை முகத்தில் காலையில் முழிக்காதே. 'இந்தப் பிள்ளை' என்றது என்னைத்தான். காலையில் எழுந்ததும் நான் பின்கதவு வழியாக வெளியே போய், அம்மா சாமி படத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். அம்மா என்ன செய்வாள் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, தடவித் தடவிப் பின்கதவுக்கு வந்து, என் முன்னால் நின்று கண்ணைத் திறப்பாள்.

"சாமி பாத்தாச்சு" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோவில் சொன்னார்கள், தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் என்று. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தீபாவளி. நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் பெயருள்ள ஒன்று வானத்தில் வரப்போகிறது, அதைத் தோட்டமே பயந்துகொண்டு பேசுகிறது என்பதில் எனக்கு ஒரு மிதப்பு. யாழ்ப்பாணத்து வாத்தியார் என்னை வகுப்பின் முன்னால் கூப்பிட்டார்.

"வாரும் பிள்ளை, நீர்தான் சந்திரன்" என்று உருண்டையான ஒரு தோடம்பழத்தைக் கையில் தந்து, டார்ச் வெளிச்சத்துக்குக் குறுக்கே நடக்கச் சொன்னார். "இவ்வளவுதான் விஷயம். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. ஆனா ஒருதரும் சூரியனை நேரே பாக்கப்படாது, கண் அவிஞ்சுபோம். விளங்கிச்சோ?"

கிரகணத்தன்று அவர் குவார்ட்டர்ஸ் கதவும் சாத்தியே கிடந்தது. பாம்பில்லை என்றவரே பயந்துவிட்டார் என்று நாம் எவ்வளவு நாள் சிரித்தோம்! அந்த வாரம் அவர் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் அவர் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். சூரியனைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? இது நமக்கெல்லாம் உறைக்கவே பல வருடமானது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் நானும் அம்மாவும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் வழியாகக் கொட்டும், பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. அதனால்தான் அம்மா அங்கே பேசினாள் என்று நினைக்கிறேன்.

"கிரகணத்தன்னிக்கு நான் மலைக்குப் போகப்போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்த கொன்னுரும்மா. உள்ள படுத்துக்கயேன். தம்பி நல்லாப் பொறப்பான்."

"பொறந்தா?"

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அப்பறம் என்னா சொல்லுவாங்க? இந்தத் தடவ அடங்கிக் கெடந்தா, புள்ள நல்லாப் பொறந்துச்சு. அந்தத் தடவ அடங்காமத் திரிஞ்சா, கிழிஞ்சு பொறந்துச்சு. ஒன் ஒதட்ட நான்தான் கிழிச்சேன்னு நானே எந்திரிச்சு நின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்டி. நான் கிழிக்கல."

கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்தே கேட்டேன்.

"தம்பிக்கும் என்னைய மாதிரி ஆயிட்டா?"

அம்மா துணியை ஓங்கியவள் கையை இறக்கினாள். "ஆனா என்னா? ஒனக்கு என்னாடி கொறச்சல்? திங்கிற, படிக்கிற, என்னையவே எதுத்துப் பேசுற. அவனும் பேசட்டுமே."

சொல்லிவிட்டு அப்பாவின் காற்சட்டையைக் கல்லில் அறைந்தாள் பாருங்கள், அந்தக் கல் பிளந்திருந்தால் அதற்கும் கிரகணத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தீபாவளி வழக்கம்போல வந்தது. எனக்கு ரோஜாப்பூ நிறத்தில் கவுன், அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை. காலையில் ஆட்டுக்கறி, பகலில் கோயில், பொழுது சாயக் கம்பி மத்தாப்பு. ஆனால் பெரியவர்களின் நினைப்பெல்லாம் மறுநாள் மேலேயே இருந்தது. பெரியத்தை அறுகம்புல்லைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி வந்து முறுக்கு டின்னிலும் அதிரசப் பானையிலும் தண்ணீர்க் குடத்திலும் போட்டாள். புல் போட்டால் கிரகண தோஷம் தீண்டாதாம். கறிக்கு மட்டும் புல் வேலை செய்யாது, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும் அப்பா சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தனி ஆளாகத் தின்று முடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் பெரியத்தையை எதிர்த்துச் செய்த முதல் காரியம் அதுதான்.

பிறகு பெரியத்தை தன் காம்பராவிலிருந்து உலக்கையைக் கொண்டு வந்தாள். கிரகணம் பிடித்திருக்கும்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் அது பிடிமானம் இல்லாமல் நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். சூரியனைப் பார்க்காமலே கிரகணம் முடிந்ததைத் தெரிந்துகொள்ள நம் ஆட்கள் கண்டுபிடித்த கடிகாரம். உலக்கையைக் கழுவித் துடைத்து முன்வாசல் இஸ்தோப்பில் சாத்திவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு மல்லாக்கப் படுத்துக்க. அசையாத. கையக் கால மடக்காத. எங்க அரிச்சாலும் சொறியாத. நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தாங்க முடியாமத் தொடையச் சொறிஞ்சேன். இருட்டுல, கம்பளிக்குள்ள. யாரும் பாக்கல. புள்ள தொடையில கருப்பா மச்சத்தோட பொறந்துச்சு. பதினாறாம் நாளுக்குக்கூட இருக்கல."

அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அவளுக்கு நடந்ததை அம்மா தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது. அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அம்மா மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் வேலைக்குச் சங்கு ஊதியது. துரை லீவு கொடுக்கவில்லை, ஆனால் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக் களத்துக்குப் போக ஆளில்லை. மழைக்காலம் தொடங்கியும் அன்றைக்கு என்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நமுனுகுல மலைக்கு மேல் சூரியன் ஏறி நின்றது. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியத்தை இஸ்தோப்பில் தாம்பாளத்தை வைத்து, முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு, உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில் தீபாவளிச் சட்டையோடு குத்தவைத்திருந்தார். உள்ளே அம்மா எழுந்து, செடி கிழிக்காதிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். கொழுந்துக் கூடையை எடுத்துக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். வயிற்றின் மேல் சாக்கு இறுகவில்லை, ஒரு முடிச்சு தளர்த்திப் போட்டாள்.

"வர்றியா?" என்றாள்.

பின்கதவு வழியாகப் போனோம். எட்டாம் நம்பர் தேயிலை மலை லயத்துக்கு நேர் மேலே இருந்தது. ஏறும்போதே வெளிச்சத்தில் ஏதோ மாற்றம் தெரிந்தது. இருட்டவில்லை. இருட்டிவிடும், நட்சத்திரம் தெரியும் என்றெல்லாம் பயமுறுத்தியிருந்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை. விளக்குக் கண்ணாடியில் புகை பிடித்தால் ஒரு மங்கல் வருமே, அந்த மங்கல். கொழுந்து இலைகளின் மினுக்கம் போய்விட்டது. வெயில் இருந்தது, வெயிலில் சூடு இல்லை. கீழே லயத்துச் சேவல் ஒன்று குழம்பிப்போய்க் கூவியது. என் கை மயிர் சிலிர்த்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

மலையில் ஒரே ஒரு ஆள் நின்றார், எங்கள் கங்காணி. வேலைக்கு ஆள் வந்தால் பார்க்கச் சொல்லித் துரை அவரை அனுப்பியிருந்தார். மனுஷன் தலையைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி, ஒரு வாகை மரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரு அது?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நான்தான் கங்காணியண்ணே. வேலைக்கு வந்துருக்கேன்."

"ஐயையோ! வவுத்துப்புள்ளக்காரியா? ஏம்மா, ஒனக்குப் பைத்தியமா? ஓடு வீட்டுக்கு!"

"தொரை வரச் சொன்னாருல்ல. வந்துட்டேன். நீங்க மரத்தப் பாருங்க, நான் கொழுந்தப் பாக்குறேன்."

அதற்குள் நான் தலையை நிமிர்த்திவிட்டேன். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? என் பெயருள்ளது அங்கே இருக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்க்கப் போனேன். அம்மா, "கண்ணு போயிரும்டி!" என்று கத்திக்கொண்டு கூடையைத் தலையிலிருந்து உருவி என் முகத்துக்கு மறைப்பாக நீட்டினாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடை எனக்கும் சூரியனுக்கும் நடுவில் இருந்தது. நிழல் எனக்குப் பின்னால் இரண்டெட்டில் நின்ற அம்மா மேல் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன்.

கூடைப் பின்னலின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் ஒரு சூரியன் வந்து விழுந்திருந்தது. வட்டச் சூரியன் இல்லை. ஒவ்வொன்றும் கடித்த அதிரசம் போல ஒரு பக்கம் தின்னப்பட்டிருந்தது. அம்மாவின் சேலையில், கையில், எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் வயிற்றில். வெளுத்த படங்குச் சாக்கின் மேல் நிறைய நிறையக் கடிபட்ட சூரியன்கள். நான் கையை அசைத்தால் அவையும் அசைந்தன.

அம்மா குனிந்து பார்த்தாள். ஒரு கணம் இரண்டு கையாலும் வயிற்றை மறைத்தாள். எதைக் கண்டு தோட்டமே கதவடைத்ததோ அது அவள் வயிற்றின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் கூடையை இறக்கப் போனேன்.

"எறக்காத. புடி" என்றாள் அம்மா.

கைகளை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, ஏதோ பட்டுச் சேலைக்குக் கரை பார்ப்பவள் போலத் தன்னையே பார்த்தாள். "அடியாத்தே" என்றாள். "இம்புட்டு அழகா இருக்கு. இதுக்கா பயந்தாங்க?"

நான் அழுதேன். எதற்கென்று அன்றைக்குத் தெரியாது. என்னைக் கடித்ததாக இத்தனை வருடம் சொன்ன ஒன்று, அம்மா மேல் பூப்போல விழுந்து கிடந்தது. அதற்காகத்தான் அழுதிருப்பேன்.

அப்போது கீழே ஒரே கூச்சல். காம்பராவில் அம்மா இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா மலையில் ஓடி வந்தார். பின்னால் பெரியத்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் பின்னாலேயே லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிரகணத்துக்குப் பயந்த நம் ஆட்களுக்குப் புருஷன் பெண்டாட்டிச் சண்டையை விட மனம் வருமா? துண்டையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சண்டை பார்க்க ஏறி வந்தார்கள். நீங்களும் வந்தீர்கள். உங்களை நான் பார்த்தேன்.

அப்பா மூச்சிரைக்க வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "என்னா காரியம் செஞ்ச! வா கீழ!"

"வர்றேங்க. இத ஒரு தரம் பாத்துட்டுக் கூப்பிடுங்க."

அவர் அம்மா பக்கத்தில் வந்து நின்றதால் சூரியன்கள் அவர் மேலும் விழுந்தன. புதுச் சட்டையின் வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தன. அப்பா தன் மார்பைக் குனிந்து பார்த்தார். தட்டிவிட்டுப் பார்த்தார், போகவில்லை. உள்ளங்கையை நீட்டினார், உள்ளங்கையில் ஒரு கடித்த சூரியன். அப்பாவின் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் கீழே வா என்று சொல்லவே இல்லை.

கங்காணி மரத்தை விட்டுத் திரும்பினார். சண்டை பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். யாரோ ஓடிப்போய் இன்னொரு கூடை கொண்டு வந்தார்கள், அப்புறம் மாச் சல்லடைகள். தேயிலைச் செடிகளின் மேல், மண்ணில், கைக்குழந்தைகளின் முதுகில், எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டிச் சூரியன்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. கோயிலில் திரை விலகும்போது ஓர் அமைதி வருமே, அப்படி. கங்காணி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று முணுமுணுத்தார். சூரியன்களின் கடிவாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து மூடி, வட்டமாகும் வரைக்கும் நாங்கள் அங்கேயே நின்றோம். என் கைகள் மரத்துப்போயின. கூடையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

கீழே இறங்கினால் பெரியத்தை தலைவிரி கோலமாக இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாம்பாளத்தில் உலக்கை நட்டமாக நின்றது. அவள் மட்டும்தான் மலைக்கு வரவில்லை.

"நீ ஊர் சுத்துன நேரம் பூரா இது நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "கொன்னுட்டியேடி எம் புள்ளைய" என்றாள். பிறக்காத என் தம்பியைத்தான் சொல்கிறாள் என்று அன்று நினைத்தேன். அப்பா உலக்கையை அப்புறப்படுத்தத் தொட்டார், அது சாய்ந்தது. கிரகணம் விட்டுவிட்டது என்று எல்லோரும் போய்க் குளித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைச் சொல்ல எனக்குப் பிடிக்காது. மலையில் சேர்ந்து பார்த்தவர்களே லயத்துக்கு வந்ததும் பழைய ஆட்களாகிவிட்டார்கள். அம்மா போகும் இடத்திலெல்லாம் கண்கள் முதலில் அவள் வயிற்றைப் பார்த்தன, அப்புறம் என் உதட்டைப் பார்த்தன. அம்மா கொழுந்து பறித்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலை வாரும்போது, அவள் கட்டைவிரல் என் உதட்டுக் கோட்டின் மேல் வந்து நிற்கும். மேலும் கீழும் ஒரு முறை போய்வரும். அம்மாவும் பயந்துதான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு நானே ஒரு பிள்ளையைச் சுமந்தபோதுதான் தெரிந்தது. பயந்துகொண்டே மலைக்குப் போயிருக்கிறாள், பயந்துகொண்டே 'எறக்காத' என்றிருக்கிறாள்.

மாசி மாதம் தம்பி பிறந்தான். முழு உதடு. முதலில் பார்த்தது பெரியத்தைதான். விரலை அவன் வாயில் விட்டு அண்ணம் வரைக்கும் தடவிப் பார்த்தாள், தொடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நான் துள்ளினேன். எனக்கு நம் ஆட்களைத் தெரியவில்லை. தீட்டுக் கழிந்து பெயர் வைக்கும் நாளில் லயமே எங்கள் இஸ்தோப்பில் கூடியிருந்தது. மூலையில் உலக்கை நின்றது, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கழுத்தில் கதம்பம் சுற்றி. பெரியத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவ செஞ்ச காரியத்துக்கு என்னா ஆயிருக்கணும்! ஒலக்க நின்னுச்சு பாருங்க, அதான் புள்ளையக் காப்பாத்துச்சு. போன தடவ நிறுத்தாம விட்டுட்டோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாலும் காக்கைக்குத்தான் மாலை. அம்மாவைப் பார்த்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மலையில் நின்ற அம்மா இல்லை அவள், பின்வரிசையில் உட்காரும் பழைய அம்மா.

எனக்கு வந்த கோபம் இன்றும் வயிற்றில் இருக்கிறது. நடுவில் போய், வெற்றிலைத் தாம்பாளத்திலிருந்த வெற்றிலையைப் பாயில் கொட்டினேன். குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினேன். உலக்கையின் பூவைப் பிய்த்துப் போட்டேன். "ஏய், ஏய்" என்று சத்தம் வந்தது. உலக்கையைத் தூக்கித் தாம்பாளத்தில் நிறுத்தினேன். சாய்ந்தது. சிரித்தார்கள். மறுபடி நிறுத்தினேன். அந்த உலக்கையின் அடியில் இருந்த இரும்புப் பூண் இடித்து இடித்துத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பொறுமையாகக் கையை எடுத்தேன்.

நின்றது.

வெளியே பட்டப்பகல். முழுச் சூரியன் இஸ்தோப்பு வரைக்கும் வந்து கிடந்தது. கையால் வாயைப் பொத்தாமல், மூக்கால் வரும் என் குரலில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

"இன்னிக்கு எந்தப் பாம்பு புடிச்சுருக்கு?"

எல்லோரும் உலக்கையைப் பார்த்தார்கள், வெளியே வெயிலைப் பார்த்தார்கள். அப்பாதான் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, அது சும்மாவே நிக்கும் போலருக்கே."

நான் பெரியத்தையைப் பார்த்தேன். அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவள் அசையவில்லை. உலக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை மெல்லத் தன் தொடைக்குப் போனது. சின்னப் பிள்ளையின் குரலில், யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

"அப்ப... நான் சொறிஞ்சதுனால இல்லையா?"

அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் தோற்றேன். எங்கள் இரண்டு பேரையும் பதினொரு வருடம் பின்வரிசையில் உட்கார வைத்தவள், அதைவிட எத்தனையோ வருடமாகத் தன்னையே ஓர் இருட்டுக் காம்பராவில் பூட்டி வைத்திருந்திருக்கிறாள்.

அம்மா எழுந்து வந்தாள். தம்பியைப் பெரியத்தையின் மடியில் கிடத்தினாள்.

"இல்ல அண்ணி. நீங்களும் ஒண்ணும் செய்யல. நானும் ஒண்ணும் செய்யல."

பிறகு தாம்பாளத்தில் நின்ற உலக்கையை ஒரே கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நின்னது போதும். அரிசி ஊறிக் கெடக்கு. போய் இடி."